முடிக்காகச் சாப்பிட்ட துத்தநாகம், தண்டுவடத்தில் தெரிந்த தாமிரக் குறைவு: இரைப்பை பைபாஸுக்குப் பின் ஒரு நிகழ்வு ஆய்வு

எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்ட பெண்ணுக்கு ரத்தசோகை என்றால் இரும்புச்சத்து மாத்திரையைக் கூட்டி எழுதி அனுப்பிவிடுவது எங்கும் நடப்பதுதான். கீழே வரும் நிகழ்வில் இரும்பும் குறைவாகவே இருந்தது. ஆனால் கால் மரத்துப்போனதும் வெள்ளணுக்கள் சரிந்ததும் இரும்பால் அல்ல. இது ஒரு தனிப்பட்ட நோயாளியின் கோப்பு அல்ல. இத்தகைய அறுவைக்குப் பின் பெண்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் அம்சங்களைக் கற்பித்தலுக்காக ஒருவரிடத்தில் தொகுத்தது.

வந்தபோது இருந்த நிலை

வயது 37. உயரம் 160 செ.மீ. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ரூ-என்-ஒய் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கி, தொடக்கக் குடலைத் தாண்டிக் குடலோடு இணைக்கும் அறுவை). அப்போது எடை 112 கிலோ, இப்போது 71 கிலோ. உணவு செல்லும் குடல் கை (குடலின் ஒரு கிளை) 150 செ.மீ., பித்தநீர் வரும் கை 60 செ.மீ. என்று அறுவைக் குறிப்பில் உள்ளது. இந்த இரண்டு அளவுகளையும் கேட்டு வாங்குவது அவசியம். பித்தநீர்க் கை நீள நீள, தாதுக்கள் உறிஞ்சப்படும் தொடக்கக் குடல் அவ்வளவு தூரம் உணவைக் காணாமல் போகிறது.

ஏழு மாதமாகக் களைப்பு, மாடி ஏறினால் மூச்சிரைப்பு, ஐஸ்கட்டியை மென்றுகொண்டே இருக்கும் ஆசை. ஐஸ் ஆசை இரும்புக் குறைவின் நல்ல அடையாளம்; கேட்டால்தான் சொல்வார்கள். மூன்று மாதமாக இரு பாதங்களிலும் மதமதப்பு. இருட்டில் நடந்தால் தள்ளாட்டம், முகம் கழுவக் கண்ணை மூடிக் குனிந்தால் சாய்ந்துவிடுவது போன்ற உணர்வு. மாதவிடாய் 7 முதல் 8 நாள். முதல் மூன்று நாள் கட்டிகளோடு போகும்.

என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டபோது முதலில் வந்த பதில் “இரும்பு மாத்திரை, கால்சியம், மாதம் ஒரு பி12 ஊசி” என்பதுதான். வீட்டிலிருக்கும் டப்பா, புட்டி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வரச் சொன்ன பிறகே முழுப் பட்டியல் கிடைத்தது:

- பெரஸ் சல்பேட் மாத்திரை தினம் ஒன்று, தனிம இரும்பு 65 மி.கி.
- கால்சியம் கார்பனேட் 500 மி.கி., அதே காலை நேரத்தில், அதே தண்ணீரோடு
- பான்டோபிரசோல் (அமிலம் குறைக்கும் மருந்து) 40 மி.கி., அறுவை நாளிலிருந்து நிறுத்தாமல்
- ஜிங்க் சல்பேட் 220 மி.கி., தினம் இரண்டு
- பயோட்டின் 10 மி.கி.
- சப்பிச் சாப்பிடும் மல்டிவைட்டமின் மிட்டாய். இரும்பும் இல்லை, தாமிரமும் இல்லை
- மாதவிடாய் வலிக்கு மெஃபனமிக் அமிலம், மாதம் நான்கைந்து நாள்
- பி12 ஊசி 1000 மைக்ரோகிராம், மாதந்தோறும், தவறாமல்

இந்தப் பட்டியலில் மருத்துவர் எழுதியது பாதிகூட இல்லை. ஜிங்க்கும் பயோட்டினும் அறுவைக்குப் பின் நான்காம் மாதம் முடி கொட்டியபோது அவரே வாங்கத் தொடங்கியவை. வேகமாக எடை குறைந்த பின் மூன்று நான்கு மாதத்தில் முடி கொட்டுவது வழக்கம். முடிக்கால்கள் மொத்தமாக ஓய்வுக் கட்டத்துக்குப் போவதால் வருவது, சில மாதங்களில் பெரும்பாலும் தானே அடங்கும். இவருக்கும் அடங்கியது. பெயர் மாத்திரைக்குப் போனது. அதனால் நாலரை ஆண்டுக்கு மேல் அது தொடர்ந்தது.

பரிசோதனை

வெளிறிய கண்ணிமை, நாடித்துடிப்பு 104. தசை வலு சரியாக இருந்தது. கணுக்காலில் அதிர்வு உணர்வு இல்லை, முழங்காலில் குறைவு. கால் பெருவிரலை மேலே தூக்கினோமா கீழே இறக்கினோமா என்று கண்ணை மூடிச் சொல்ல முடியவில்லை. ராம்பெர்க் சோதனையில் (கால்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்பது) விழப்போனார். முழங்கால் அனிச்சை துரிதம், கணுக்கால் அனிச்சை இல்லை, உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கிப் போனது. முழங்காலில் துரிதமும் கணுக்காலில் இன்மையும் ஒன்றாக வந்தால் தண்டுவடம், புற நரம்பு இரண்டும் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். பைபாஸ் செய்தவரிடம் இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் பி12 நினைவுக்கு வரும். வரவும் வேண்டும். ஆனால் அதோடு நிற்கக் கூடாது.

முதல் ரத்த அறிக்கை

ஹீமோகுளோபின் 8.4 கிராம். எம்.சி.வி. (சிவப்பணுக்களின் சராசரி அளவு) 84. ஆர்.டி.டபிள்யூ. (அந்த அளவு எவ்வளவு மாறுபடுகிறது என்பது) 21. வெள்ளணுக்கள் 2,300, அதில் நியூட்ரோஃபில் (கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணு) 800 மட்டுமே. தட்டணுக்கள் 1,62,000. இரும்புச் செறிவு விகிதம் 7 சதவீதம். சி.ஆர்.பி. 2, அழற்சி இல்லை.

எம்.சி.வி. 84 என்பதைப் பார்த்து அணுக்களின் அளவு சரி என்று கடந்துவிடலாம். ஆர்.டி.டபிள்யூ. 21 அதைத் தடுக்கிறது: சிறிய அணுக்களும் பெரிய அணுக்களும் கலந்து சராசரி நடுவில் நிற்கிறது. அதைவிட முக்கியமானது நியூட்ரோஃபில். வெறும் இரும்புக் குறைவு நியூட்ரோஃபிலை 800-க்குக் கொண்டுபோகாது. பைபாஸ் செய்தவரிடம் ரத்தசோகையும் நியூட்ரோஃபில் குறைவும் சேர்ந்து தெரிந்தால் அன்றே தாமிரத்தை அளக்க அனுப்ப வேண்டும். எலும்பு மஜ்ஜைச் சோதனைக்குத் தேதி குறிக்கப்பட்டிருந்தது. தாமிர முடிவு வரும்வரை தள்ளிவைக்கப்பட்டது. தாமிரக் குறைவில் மஜ்ஜையின் முன்னணுக்களில் குமிழிகளும் வளைய சிடரோபிளாஸ்ட்களும் (இரும்பு வளையமாகப் படிந்த முன்னணுக்கள்) தெரியும். தாமிரத்தை அளக்காமல் அதைப் பார்ப்பவர் மயலோடிஸ்பிளாசியா (மஜ்ஜையைத் தாக்கும் ரத்தப் புற்றுநோய் வகை) என்று எழுத வாய்ப்பு அதிகம். தாமிரம் கொடுத்தால் தீரக்கூடியது புற்றுநோய்த் துறைக்குப் போய்விடும்.

மற்ற முடிவுகள் மனத்துக்கு நிம்மதி தருவதாக இருந்தன: வைட்டமின் டி 46, பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) 31, பி12 அளவின் மேல் எல்லைக்கும் மேலே. டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மட்டும் 0.1; தைராய்டு அதிகம் சுரக்கிறதோ என்ற சந்தேகம் கிளம்பியது. இவற்றில் ஒன்றையும் நம்ப முடியாது, காரணம் பயோட்டின்.

பயோட்டின் கலைத்த அறிக்கை

பல ஆய்வகக் கருவிகள் பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பை வைத்தே அளக்கின்றன. ரத்தத்தில் மிகுதியான பயோட்டின் இருந்தால் அந்தப் பிணைப்பிடங்களை அதுவே பிடித்துக்கொள்ளும். ‘சாண்ட்விச்’ முறையில் அளக்கப்படும் பி.டி.எச்., டி.எஸ்.எச்., ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) பொய்யாகக் குறையும். போட்டி முறையில் அளக்கப்படும் வைட்டமின் டி, பி12, தைராக்சின் பொய்யாக ஏறும். பைபாஸ் செய்த பெண்ணுக்கு இதைவிட மோசமான திசை இருக்க முடியாது: வைட்டமின் டி போதும் என்றும், பாராதைராய்டு அமைதியாக இருக்கிறது என்றும் அறிக்கை சொல்லும், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

பயோட்டினை நிறுத்தி 72 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் வைட்டமின் டி 17, பி.டி.எச். 126, டி.எஸ்.எச். 2.1. ஃபெரிட்டின் முன்பு 4, இப்போது 11. எப்படிப் பார்த்தாலும் குறைவுதான். ஆல்புமினுக்குத் திருத்திய கால்சியம் 8.8. இந்த எண்ணை வைத்துக் கால்சியம் சரி என்று எழுதுவது பெரும் தவறு. ரத்தக் கால்சியத்தை உடல் எலும்பிலிருந்து எடுத்தாவது நிலையில் வைத்துக்கொள்ளும். பி.டி.எச்., அல்கலைன் பாஸ்படேஸ், 24 மணி நேரச் சிறுநீர்க் கால்சியம் மூன்றும்தான் உண்மையைச் சொல்லும். இவருக்குச் சிறுநீர்க் கால்சியம் வெறும் 62 மி.கி.

பி12 எண்ணையும் நம்பாமல் மெத்தில்மலோனிக் அமிலம் (பி12 குறைந்தால் ஏறுவது) அளக்கப்பட்டது: 0.18 மைக்ரோமோல். இயல்பு. வைட்டமின் இ, ஃபோலிக் அமிலம் இயல்பு. ஆக, நரம்புப் பாதிப்புக்குப் பி12 காரணமில்லை.

தாமிரமும் துத்தநாகமும்

ரத்தத் தாமிரம் 14 மைக்ரோகிராம்/டெ.லி.; இயல்பு ஏறத்தாழ 70 முதல் 140. செருலோபிளாஸ்மின் (ரத்தத்தில் தாமிரத்தைத் தாங்கும் புரதம்) 4 மி.கி./டெ.லி.; இயல்பின் கீழ் எல்லை 20. துத்தநாகம் 158, இயல்பின் மேல் எல்லை சுமார் 120. வில்சன் நோயிலும் (உடலில் தாமிரம் தேங்கும் பரம்பரை நோய்) செருலோபிளாஸ்மின் குறையும் என்பதால் 24 மணி நேரச் சிறுநீர்த் தாமிரமும் அளக்கப்பட்டது. அங்கே அது ஏறியிருக்கும். இங்கே மிகக் குறைவு. கழுத்து எம்.ஆர்.ஐ.-யில் மூன்றாம் எலும்பு முதல் ஆறாம் எலும்பு வரை தண்டுவடத்தின் பின்தூண்களில் வெண்மை. பி12 குறைவில் தெரிவதும் இதே படம்தான். படத்தை வைத்து மட்டும் பிரித்தறிய முடியாது.

மாதிரி எடுக்கும் முறையில் கவனம் வேண்டும். நுண்தாதுக்களுக்கென உள்ள கருநீல மூடிக் குழாயில்தான் எடுக்க வேண்டும். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கசியும். சிவப்பணு உடைந்த மாதிரியில் துத்தநாகம் பொய்யாக ஏறும். காய்ச்சல், அழற்சி இருக்கும்போது துத்தநாகம் இறங்கும், தாமிரம் ஏறும். பெண்களிடம் இன்னொன்றும் உண்டு: ஈஸ்ட்ரோஜன் செருலோபிளாஸ்மினை உயர்த்தும். கருத்தடை மாத்திரை எடுப்பவரிடமோ கர்ப்பிணியிடமோ தாமிரம் 75 என்று வந்தால் இயல்புக்குள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு அது குறைவாகவே இருக்கலாம்.

தாமிரம் முக்கியமாக இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் உறிஞ்சப்படுகிறது. பைபாஸ் இரண்டையும் சுற்றிக்கொண்டு போகிறது. அதன்மேல் துத்தநாகம். 220 மி.கி. ஜிங்க் சல்பேட்டில் தனிமத் துத்தநாகம் 50 மி.கி.; இரண்டு மாத்திரை 100 மி.கி. பைபாஸுக்குப் பின் பரிந்துரைக்கப்படுவது நாளுக்கு 8 முதல் 22 மி.கி.; எந்த வயதுவந்தவருக்கும் நீண்டநாள் மேல் எல்லை 40. மிகுதியான துத்தநாகம் குடல் செல்களுக்குள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைத் தூண்டுகிறது. அந்தப் புரதம் துத்தநாகத்தைவிடத் தாமிரத்தை இறுக்கமாகப் பிடிக்கும். பிடித்த தாமிரம் ரத்தத்துக்குள் போகாது. சில நாட்களில் அந்தச் செல் உதிரும்போது மலத்தோடு வெளியேறும். துத்தநாகத்தை நிறுத்தினாலும் உடலில் தேங்கியது குறைய வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். அதுவரை வாய்வழித் தாமிரம் பெரும்பாலும் வீண்.

இரும்போடு முடிச்சுப் போடுவதும் இங்கேதான். குடல் செல்லிலிருந்து இரும்பை வெளியே விடும் ஹெஃபேஸ்டினும், சேமிப்பிலிருந்து விடுவிக்கும் செருலோபிளாஸ்மினும் தாமிரம் தாங்கிய புரதங்கள். தாமிரம் இல்லாவிட்டால் கொடுத்த இரும்பும் கிடங்கில் பூட்டிக் கிடக்கும்.

இரும்பு எங்கே போனது

கனத்த மாதவிடாய் என்பதற்கான பழைய அளவு மாதம் 80 மி.லி. ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கையில் ஒரு மி.லி. ரத்தத்தில் சுமார் அரை மி.கி. இரும்பு; ஆக மாதம் 40 மி.கி., நாளுக்கு 1.3 மி.கி. வழக்கமான 1 மி.கி. இழப்போடு சேர்த்து நாளுக்கு 2.3 மி.கி. இரும்பு உள்ளே போய்ச் சேர வேண்டும். இரும்பைக் கரைத்து உறிஞ்சத்தக்க வடிவுக்கு மாற்ற அமிலம் வேண்டும். பையளவு இரைப்பையில் அமிலமே சொற்பம், பான்டோபிரசோல் அதையும் துடைத்துவிட்டது. கால்சியம் அதே நேரத்தில் போய் இரும்பை மறித்தது. 65 மி.கி. விழுங்கியும் 2.3 தேறவில்லை.

மெஃபனமிக் அமிலத்தைப் பார்த்ததுமே உள்நோக்கிச் சோதனை செய்யப்பட்டது. இரைப்பைப் பையும் குடலும் இணையும் இடத்தில், குடல் பக்கமாக 8 மி.மீ. புண். புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி இல்லை, புகைப்பழக்கம் இல்லை. பைபாஸுக்குப் பின் இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபினாக், மெஃபனமிக் அமிலம் போன்ற வலிமருந்துகள் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லப்படுகிறது. ஆனால் மாதவிடாய் வலி மாத்திரையும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே என்று பல பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை. மாத்திரையின் பெயரைச் சொல்லித் தடை செய்ய வேண்டும்.

சிகிச்சை

முதல் நாளே நிறுத்தியவை: ஜிங்க், பயோட்டின், மிட்டாய் மல்டிவைட்டமின், மெஃபனமிக் அமிலம்.

நரம்புப் பாதிப்பு இருந்ததால் தாமிரம் சிரைவழி: தனிமத் தாமிரம் தினம் 2 மி.கி., உப்பு நீரில் கலந்து 2 மணி நேரத்தில், 6 நாள். பிறகு காப்பர் குளுகோனேட் வாய்வழி: முதல் வாரம் தினம் 8 மி.கி., இரண்டாம் வாரம் 6, மூன்றாம் வாரம் 4, அதன்பின் 2. இந்த எண்கள் தனிமத் தாமிரத்தைக் குறிப்பவை. உப்பின் மொத்த எடையைக் கணக்கில் எடுத்தால் அளவு பல மடங்கு குறைந்துபோகும்.

இரும்பும் சிரைவழிதான். எடை 71 கிலோ, இலக்கு ஹீமோகுளோபின் 13: 71 × (13 − 8.4) × 2.4 + 500 = சுமார் 1,284 மி.கி. ஃபெரிக் டெரிசோமால்டோஸ் ஏழாம் நாள் 1,000 மி.கி., பதினான்காம் நாள் 300 மி.கி. தாமிரம் ஒரு வாரம் உள்ளே போன பிறகே இரும்பு தொடங்கியது. அது வெளிவரும் கதவு திறந்திருக்க வேண்டும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் எளிதில் கிடைக்கும் மருந்துதான். ஆனால் அது எஃப்.ஜி.எஃப்.23 ஹார்மோனை உயர்த்திச் சிறுநீரில் பாஸ்பேட்டை வெளியேற்றும். வைட்டமின் டி 17, பி.டி.எச். 126 உள்ள பெண்ணுக்கு அந்த ஆபத்து கூடுதல். அதைத்தான் கொடுக்க வேண்டிய நிலை என்றால், முன்பும் இரண்டு வாரம் கழித்தும் பாஸ்பேட் அளக்க வேண்டும். களைப்பு கூடுகிறது, எலும்பு வலிக்கிறது என்றால் அதை ரத்தசோகையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அமிலம் குறைக்கும் மருந்தை நிறுத்தத்தான் மனம் சொல்லும். புண் இருக்கும்போது முடியாது. கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளிருக்கும் குருணையை விழுங்கும்படி 12 வாரம் கொடுக்கப்பட்டது. சிறிய பையிலிருந்து கேப்ஸ்யூல் உடையும் முன்பே நழுவிவிடும், திறந்து கொடுத்தால் புண் விரைவில் ஆறுகிறது. மறு உள்நோக்கிச் சோதனையில் புண் ஆறியிருந்தது உறுதியான பின் மருந்து நிறுத்தப்பட்டது.

வைட்டமின் டி3 வாரம் 50,000 அலகு, 8 வாரம். பிறகு தினம் 3,000. கால்சியம் கார்பனேட்டுக்குப் பதில் சிட்ரேட், ஏனெனில் அதற்கு அமிலம் தேவையில்லை. தனிமக் கால்சியம் 500 மி.கி. தினம் மூன்று வேளை. ஒரே நேரத்தில் 600-க்கு மேல் கொடுத்தால் மிஞ்சியது உறிஞ்சப்படாது. உணவோடு எடுத்தால் குடலிலேயே ஆக்ஸலேட்டைக் கட்டிப்போடும். பைபாஸுக்குப் பின் சிறுநீரகக் கல் வருவதற்கு ஆக்ஸலேட் முக்கியக் காரணம்.

மாதவிடாய்க்கு உடனடியாக டிரனெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், நாளுக்கு மூன்று வேளை, கனத்த நாட்களில் மட்டும். ரத்தக்கட்டு வரலாறு இல்லை என்று கேட்டறிந்த பின். நியூட்ரோஃபில் தேறியதும் ஆறாம் வாரம் லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மி.கி. கருப்பைச் சாதனம் பொருத்தப்பட்டது. கழிவதை அடைக்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை.

பன்னிரண்டாம் வாரத்துக்குப் பின் அவர் பின்பற்றும் நேர அட்டவணை:

- எழுந்ததும் வெறும் வயிற்றில்: இரும்பு 60 மி.கி., தனியாக, டீ, காபி ஒரு மணி நேரம் கழித்து
- காலை உணவு, குறைந்தது 2 மணி நேரம் கழித்து: கால்சியம் சிட்ரேட் 500, வைட்டமின் டி
- மதிய உணவு: மல்டிவைட்டமின் மாத்திரை (துத்தநாகம் 16 மி.கி., தாமிரம் 2 மி.கி., செலினியம் சேர்ந்தது)
- மாலைச் சிற்றுணவு: கால்சியம் சிட்ரேட் 500
- இரவு உணவு: கால்சியம் சிட்ரேட் 500

துத்தநாகம் 8 முதல் 15 மி.கி.க்குத் தாமிரம் 1 மி.கி. என்ற விகிதம் காக்கப்பட வேண்டும். மல்டிவைட்டமின் வாங்கும்போது புட்டியின் முன்பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை. பின்பக்கப் பட்டியலில் தாமிரம் என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கர்ப்பகால மாத்திரைகள் பலவற்றிலும் அது இருப்பதில்லை. குடலில் மெல்லக் கரையும் வகை, குடலுறை பூசிய வகை இரும்பும் வேண்டாம். இரும்பு உறிஞ்சும் பகுதியைத் தாண்டிய பிறகே அவை கரைகின்றன.

போக்கு

இரண்டாம் வாரம் நியூட்ரோஃபில் 1,600. ஆறாம் வாரம் 2,700. ஹீமோகுளோபின் நான்காம் வாரம் 10.3, பன்னிரண்டாம் வாரம் 12.6. அப்போது ஃபெரிட்டின் 118, தாமிரம் 96, செருலோபிளாஸ்மின் 24, துத்தநாகம் 78. ஐஸ் ஆசை முதல் இரும்பு ஊசி முடிந்த சில நாட்களில் போனது. ஆறாம் மாதம் வைட்டமின் டி 38, பி.டி.எச். 71-க்கு இறங்கியது. அது இன்னும் முழுதாக அடங்காததால் கால்சியம் குறைக்கப்படவில்லை. எலும்பு அடர்த்திச் சோதனைக்கும் அனுப்பப்பட்டார்.

நரம்பு அவ்வளவு இணங்கவில்லை. நோய் முன்னேறுவது நின்றது, இருட்டில் நடக்கத் துணிவு வந்தது, ஆறாம் மாத எம்.ஆர்.ஐ.-யில் வெண்மை மங்கியது. ஓராண்டு கழித்தும் கணுக்காலில் அதிர்வு உணர்வு குறைவு, பாதத்தில் மதமதப்பு மிச்சம். தாமிரக் குறைவில் ரத்தம் வாரங்களில் திரும்பும். தண்டுவடம் பல நேரம் முழுதாகத் திரும்பாது. நியூட்ரோஃபில் முதலில் சரிந்தபோதே தாமிரத்தை அளந்திருந்தால் நரம்புவரை போகாமல் தடுத்திருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை தாமிரமும் துத்தநாகமும் சேர்த்து அளக்க வேண்டும் என்று பைபாஸ் வழிகாட்டுதல்கள் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது அவர் குழந்தை பெற விரும்புகிறார். எடை நிலைத்து ஆண்டுகள் ஆகிவிட்டதால் காத்திருக்கத் தேவையில்லை. ஃபெரிட்டின், வைட்டமின் டி, தாமிரம் மூன்றும் அடுத்தடுத்த இரு சோதனைகளில் நிலையாக இருந்த பின் கருப்பைச் சாதனத்தை எடுப்பது என்று முடிவு. அதற்கு முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும். வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவிலிருந்து பீட்டா கரோட்டினுக்கு மாற வேண்டும். கர்ப்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுத் தாதுப் பட்டியலும் அளக்கப்படும். சர்க்கரை நோய்ச் சோதனைக்குக் குளுக்கோஸ் கரைசல் கொடுக்கக் கூடாது. பைபாஸ் செய்தவருக்கு அது மயக்கமும் படபடப்பும் வரும் ‘டம்பிங்’ நிலையை உண்டாக்கும். ஒரு வாரம் வீட்டில் விரல்நுனி ரத்தத்தில் அளப்பது போதும். பிரசவத்துக்குச் சில மாதம் கழித்து முடி மறுபடி கொட்டலாம், பல தாய்மாருக்கும் கொட்டுவது போல. அப்போது ஜிங்க் புட்டியைத் தனியாக வாங்கக் கூடாது என்பது அவருடைய கோப்பின் முதல் பக்கத்திலும், அவர் கையில் உள்ள மருந்து அட்டையிலும் எழுதப்பட்டிருக்கிறது.